குற்றாலத்துத் தாத்தாவும் டெல்லிக்குக் கடிதம் எழுதிய தாத்தாவும்

தென்காசி வட்டாரத்தில் ஒரு தாத்தா கண்ணை மூடிவிட்டால், அவரை எப்படி நினைக்க வேண்டும் என்பதற்கு ஊர் வழக்கம் முன்பே வழி சொல்லி வைத்திருக்கிறது. பதினாறாம் நாள் விசேஷம் நடக்கும். வருஷா வருஷம் திதி வரும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் விடியுமுன் குற்றாலத்துக்குப் போய், பேரருவியில் தலை நனைத்து, எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் அங்கே சொல்லப்படும். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். மூத்த பேரனுக்கு அவர் பெயரை வைத்திருப்பார்கள்; மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று மருமகள் அந்தப் பிள்ளையை வேறொரு செல்லப்பெயரில் கூப்பிடுவாள்.

இவை எல்லாம் சேர்ந்து அவர் பெயரைக் காப்பாற்றிவிடும். அவர் குடும்பத்துக்கு என்ன செய்தார் என்பதைக் காப்பாற்றாது. ஓய்ந்து உட்கார வேண்டிய வயதில் எதற்காக மறுபடி வேலைக்குப் போனார், யாருடைய படிப்புக்காக எந்த வயலை விற்றார், எந்தச் சாவுக்குப் பிறகு அவர் பேச்சு குறைந்தது என்பதெல்லாம் இரண்டு தலைமுறைக்குள் அழிந்துபோகும். அதனால்தான், எழுத்தில் தங்கிவிட்ட இரண்டு தாத்தாக்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் நம் குற்றாலத்தில் வாழ்ந்து, குற்றாலத்திலேயே மறைந்த ரசிகமணி டி.கே.சி. மற்றவர் அவருடைய நண்பர், குற்றாலத்துக்கு வந்து அவரோடு தங்கிப் போன ராஜாஜி.

ஒருவரைக் கம்பனுக்காகவும் மற்றவரை அரசியலுக்காகவும் நாம் அறிவோம். அந்த ஒப்பீட்டை ஏற்கெனவே பலர் செய்திருக்கிறார்கள். நான் இவர்களைத் தாத்தாக்களாகவே பார்க்க விரும்புகிறேன். காரணம் ஒன்றுதான். இரண்டு வீட்டிலும் நடுக்கண்ணி அறுந்தது. டி.கே.சி.யின் ஒரே மகன் தகப்பனுக்கு முன்னே போனார். ராஜாஜியின் மருமகன் மாமனாருக்கு முன்னே போனார். இரண்டு வீட்டிலும் பேரப்பிள்ளைகள் தகப்பனில்லாமல் நின்றார்கள், தாத்தா உயிரோடு இருந்தார். ஒரு தாத்தாவுக்குக் குடும்பத்தின் மேல் எவ்வளவு பற்று என்பதை அவர் பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுவதிலிருந்து நான் அளக்க மாட்டேன். அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பதிலிருந்துதான் அளப்பேன்.

முதலில் குற்றாலத்து வீடு.

டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882இல் பிறந்தவர். தகப்பனார் தீத்தாரப்ப முதலியார். வழக்கப்படி டி.கே.சி. தம் மகனுக்கும் தீத்தாரப்பன் என்றே பெயர் வைத்தார். வக்கீலுக்குப் படித்தார், திருநெல்வேலியில் வக்கீல் என்று பேர்ப்பலகை இருந்தாலும் மனசு முழுக்கத் தமிழ்ப் பாட்டில்தான் இருந்தது. சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார், 1930களின் முற்பகுதியில் இந்து அறநிலைய வாரியத்தின் கமிஷனராக இருந்தார். ஆனால் நெல்லைச் சீமை அவரை நினைப்பது வண்ணார்பேட்டை வீட்டின் தொட்டிக்கட்டில் கூடிய கூட்டத்துக்காக. வட்டமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்ட அந்தக் கூட்டத்துக்கே வட்டத்தொட்டி என்று பேர் வந்தது. வக்கீல்களும் வாத்தியார்களும் அரசு அதிகாரிகளும் அங்கே வந்தார்கள். பின்னாளில் நீதிபதியான எஸ். மகாராஜன் அங்கிருந்து வந்தவர். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அங்கிருந்து வந்தவர். ஒரு பாட்டை டி.கே.சி. ஒரு தடவை சொல்லி நிறுத்த மாட்டார். மறுபடி மறுபடி சொல்லுவார், சொல்லைப் பிரித்துச் சொல்லுவார், எதிரே இருப்பவன் முகம் மலர்ந்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார்.

பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியேறினார். அந்த வீட்டுக்கு வந்தவர்களின் பட்டியலைப் படித்தால் அந்தக் காலத்துத் தமிழ்நாட்டின் பாதி அங்கே சாப்பிட்டிருக்கிறது என்று தோன்றும். ராஜாஜி, கல்கி, கவிமணி, பிறகு இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வந்து சாரல் விழுந்தால், அருவியில் தண்ணீர் வந்துவிட்டது, புறப்பட்டு வாருங்கள் என்று நண்பர்களுக்குக் கடிதம் போகும். வந்தவர்களுக்கு அருவிக் குளியல், பிறகு இலை போட்டுச் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் கம்பன். அவர் கடிதங்கள் தொகுக்கப்பட்டு நூல்களாக வந்திருக்கின்றன. தமிழில் கடிதம் ஓர் இலக்கிய வகையாக மதிக்கப்பட்டதற்கு அவருடைய கடிதங்கள் பெரிய காரணம்.

இந்த மலர்ச்சியை மட்டும் பார்த்தவர்கள் அவரைக் கவலை அறியாத மனிதர் என்று நினைத்துவிடுவார்கள். அப்படியில்லை. மகன் தீத்தாரப்பன் நல்ல ரசிகர், எழுதக்கூடியவர், தகப்பனின் நண்பர்களுக்கெல்லாம் செல்லப்பிள்ளை. அவர் இளமையிலேயே இறந்துபோனார். செய்தி கேட்டு நாஞ்சில் நாட்டிலிருந்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதி அனுப்பினார். மகனைப் பறிகொடுத்த தகப்பன் அந்தப் பாட்டைப் படித்து, அழுகையோடு அழுகையாக, பாட்டின் அருமையையும் சொன்னார் என்பது டி.கே.சி.யின் நண்பர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சிலருக்கு இது மனம் இறுகிய காரியமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. எழவு வீட்டில் ஒப்பாரியே பாட்டாக வருகிற ஊர் நம்முடையது. அழுகிறவளின் வார்த்தையைக் கூர்ந்து கேட்டு, அடடா என்ன சொல்லிவிட்டாள் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் கிழவர்களை நாம் பார்த்திருக்கிறோம். துக்கத்தைச் சொல்ல ஒரு நல்ல வார்த்தை கிடைத்தால் துக்கம் குறையாது. அதைச் சுமந்துகொண்டு எழுந்திருக்க முடியும்.

அவர் எழுந்தார் என்பதுதான் முக்கியம். மகன் போன பிறகு வீட்டை இருட்டாக்கி உட்கார அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அறுபதை ஒட்டிய வயது. மருமகளும் பேரப்பிள்ளைகளும் கண்ணெதிரே. அவர் வாசலைச் சாத்தவில்லை. முன்பைவிட அதிகமான பேர் வந்தார்கள். பேரப்பிள்ளைகள் வளர்ந்தது அந்த வருகையின் நடுவில். தகப்பனில்லாத பிள்ளைக்கு உலகம் சுருங்கிவிடக் கூடாது என்று ஒரு தாத்தா நினைத்தால், அதற்கு வேறென்ன செய்ய முடியும்? உலகத்தையே வீட்டுக்கு வரவழைக்கலாம். டி.கே.சி. அதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். அது அவர் சுபாவம். ஆனால் மகன் போன பிறகும் அந்தச் சுபாவத்தைக் காப்பாற்றிக்கொண்டது சுபாவத்தால் மட்டும் நடக்கிற காரியமில்லை. அதில் ஒரு தீர்மானம் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தைத்தான் நான் குடும்பப் பற்று என்கிறேன்.

ராஜாஜியின் வீடு வேறு மாதிரி.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1878 டிசம்பர் 10 அன்று ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் பேர்பெற்ற வக்கீல். நாற்பது வயதை எட்டும் முன்பே மனைவி அலமேலு மங்கை இறந்துபோனார். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். மறுமணம் சகஜமாக இருந்த காலம் அது, அவர் செய்துகொள்ளவில்லை. ஐந்து பேரையும் தாமே வளர்த்தார். 1921 டிசம்பரில் ஒத்துழையாமை இயக்கத்தில் வேலூர்ச் சிறைக்குப் போனபோது அந்தப் பிள்ளைகளுக்குத் தாயும் இல்லை, சில மாதம் தகப்பனும் பக்கத்தில் இல்லை. தேசத்துக்காகக் குடும்பத்தை விட்டவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விட்டவருக்கும் விடப்பட்ட பிள்ளைக்கும் அது எப்படி இருந்தது என்பதை யாராவது வீட்டுக்குள்ளிருந்து எழுதினால்தான் தெரியும். ராஜாஜி விஷயத்தில் அது தெரிகிறது, ஏனென்றால் பேரன் எழுதினார்.

மகள் லட்சுமிக்கும் காந்தியின் கடைசி மகன் தேவதாஸுக்கும் விருப்பம் ஏற்பட்டபோது, இரு தகப்பன்மாரும் சேர்ந்து, ஐந்து வருஷம் பிரிந்திருங்கள், அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். மாறவில்லை. 1933 ஜூன் 16 அன்று புனேயில் கல்யாணம் நடந்தது. காந்தி இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் முடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரா, கோபாலகிருஷ்ணா என்று நான்கு பிள்ளைகள். ராஜ்மோகன் என்ற பெயரில் இரண்டு தாத்தாக்களின் பெயரும் சேர்ந்து ஒலிக்கின்றன. தேவதாஸ் டெல்லியில் ஹிந்துஸ்தான் டைம்ஸ் பத்திரிகையை நடத்தினார், பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள்.

1948 ஜனவரி 30 அன்று அந்தப் பிள்ளைகள் ஒரு தாத்தாவை இழந்தார்கள். ஐந்து மாதம்கூட ஆகுமுன், ஜூன் 21 அன்று, இன்னொரு தாத்தா இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக அதே டெல்லிக்கு வந்து சேர்ந்தார். ராஜ்மோகனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. சரித்திரப் புத்தகம் இதைப் பதவி மாற்றம் என்று எழுதும். ஒரு வீட்டின் கணக்கில் இது வேறு. கொலையில் ஒரு தாத்தாவைக் கொடுத்துவிட்டு அரண்டுபோன பிள்ளைகளுக்கு, மறு தாத்தா நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் இருந்தார்.

1957 ஆகஸ்ட் 3 அன்று தேவதாஸ் திடீரென இறந்தார். மூத்த பேரனுக்கு இருபத்திரண்டு நிறையவில்லை. கடைசிப் பேரன் கோபாலகிருஷ்ணாவுக்கு வயது பன்னிரண்டு. ராஜாஜிக்கு எழுபத்தெட்டு. பதவி எதுவும் இல்லை, சென்னையில் வீடு, மறு வருஷத்துக்கு மறு வருஷம் சுதந்திரா கட்சியைத் தொடங்கப் போகிற மனிதர். அவருக்கு டி.கே.சி.யைப் போல ஊரைக் கூட்டி விருந்து வைக்கிற இயல்பு கிடையாது. ரொம்பப் பேசாதவர், சிக்கனக்காரர், வார்த்தையிலும் சிக்கனம். அவர் செய்தது, கடிதம் எழுதியது. 2017இல் கோபாலகிருஷ்ண காந்தி தொகுத்து வெளியிட்ட ‘மை டியர் பாபு’ என்ற நூலில் மூன்று பேருக்கு ராஜாஜி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன: காந்திக்கு, மருமகன் தேவதாஸுக்கு, பேரன் கோபாலகிருஷ்ணாவுக்கு. சம்பந்தி, மருமகன், பேரன். ஒரே கை மூன்று தலைமுறைக்கு எழுதியிருக்கிறது. நடுவில் இருந்தவர் மறைந்த பிறகும் அந்தக் கை நிற்கவில்லை.

இங்கே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பலர் டி.கே.சி. மாதிரித் தாத்தாவைத்தான் பாசக்காரர் என்பார்கள். ராஜாஜி மாதிரித் தாத்தாவைக் கண்டிப்பானவர், ஒதுங்கியவர் என்பார்கள். நம் வீடுகளிலும் இந்தப் பாகுபாடு உண்டு. திண்ணையில் பேரன்களைச் சுற்றி உட்கார வைத்துக் கதை சொல்கிற தாத்தாவை எல்லாருக்கும் பிடிக்கும். வாரம் தவறாமல் மணியார்டர் அனுப்பிவிட்டு, நேரில் வந்தால் இரண்டு வார்த்தை பேசுகிற தாத்தாவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. ஆனால் எழுபத்தெட்டு வயதுக்கு மேல், நாட்டில் ஒரு புதுக் கட்சியை நடத்திக்கொண்டு, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற தகப்பனில்லாத பையனுக்குக் கடிதம் எழுத உட்காருகிறவரின் பற்று குறைந்ததில்லை. சில விஷயத்தில் அது கடினமானது. விருந்து வைக்கிறவருக்கு எதிரே மலர்ந்த முகம் இருக்கிறது. கடிதம் எழுதுகிறவருக்கு அது இல்லை.

இவர்கள் இருவரும் வேறுபடுகிற இன்னோர் இடம், எதைக் கொடுத்தார்கள் என்பது. டி.கே.சி. பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தது காது. நல்ல பாட்டு எது, சும்மா சொல் அடுக்கு எது என்று கேட்ட மாத்திரத்தில் பிரித்தறிகிற காது. ராஜாஜி கொடுத்தது யோசிக்கிற பழக்கம். அந்த நான்கு பேரில் ராமச்சந்திரா தத்துவப் பேராசிரியரானார், ராஜ்மோகன் சரித்திரம் எழுதினார், கோபாலகிருஷ்ணா அரசுப் பணிக்குப் போனார். 1947 ஆகஸ்ட் 15 முதல் ராஜாஜி மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக இருந்த அதே கல்கத்தா மாளிகையில், 2004 முதல் 2009 வரை கோபாலகிருஷ்ண காந்தி கவர்னராக இருந்தார். தாத்தா உட்கார்ந்த நாற்காலியில் பேரன் உட்காருவது நம் ஊரில் கடையிலும் வயலிலும் நடக்கிற காரியம்தான்; ஆனால் இந்த நாற்காலி பரம்பரைச் சொத்தாக வருவதில்லை.

இரண்டு பேரையும் இணைக்கிற நூல் ராமன். டி.கே.சி. கம்பனைப் பாட்டுப் பாட்டாக ருசித்தார், கல்கி பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார், ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று பதிப்பித்தார். 1954 பிப்ரவரி 16 அன்று குற்றாலத்தில் அவர் காலமானபோது சென்னையில் ராஜாஜி முதலமைச்சர். ஏப்ரலில் ராஜாஜி பதவியை விட்டார். அடுத்த மாதமே கல்கியில் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ தொடங்கினார். செப்டம்பரில் கவிமணியும் டிசம்பரில் கல்கியும் மறைந்தார்கள். குற்றாலத்து வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் ஒரே வருஷத்தில் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போக, மிஞ்சியவர் எழுபத்தைந்து வயதில் ராமன் கதையைச் சின்னப் பிள்ளைக்கும் புரிகிற தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். வால்மீகியைச் சொல்லிவிட்டு, இந்த இடத்தைக் கம்பன் எப்படிச் சொல்கிறான் பாருங்கள் என்று அவர் நிறுத்துகிற இடங்களில் குற்றாலத்துப் பேச்சின் பழக்கம் தெரிகிறது என்றே எனக்குப் படுகிறது. வகித்த பதவிகளைவிட ராமாயணமும் மகாபாரதமும் எழுதியதையே தம் பெரிய தொண்டாக அவர் மதித்தார். தமிழ்நாட்டுப் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு தாத்தா கதை சொன்னார் என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி, இந்த இரண்டு தாத்தாக்களையும் பற்றிப் பேசுகிறவர்கள் விட்டுவிடுகிற இரண்டு பேர். டி.கே.சி.யின் மனைவி பிச்சம்மாள். ராஜாஜியின் மகள் நாமகிரி.

ரசிகமணியின் வீட்டில் சாப்பிட்டோம் என்று எழுதாதவர் இல்லை. அந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சீசனில் இத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. குற்றாலத்து ஈரத்தில் விறகு நமுத்துப்போகும், துணி காயாது. வந்தவர் கம்பனில் மூழ்கி நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பார், உள்ளே குழம்பைச் சூடு ஆறாமல் வைத்திருக்க வேண்டும். மகனைப் பறிகொடுத்தவர் டி.கே.சி. மட்டுமில்லை, பெற்றவளும்தான். தகப்பன் துக்கத்தைப் பாட்டில் இறக்கி வைத்தார், நண்பர்கள் கடிதம் எழுதினார்கள், கவிமணி கவி எழுதினார். அந்தத் தாய் அடுத்த வேளைக்கு உலை வைத்தார். வாசல் சாத்தப்படவில்லை என்று நான் மேலே பெருமையாக எழுதினேனே, அந்தத் தீர்மானத்தில் பாதி அவருடையது.

நாமகிரி இளமையிலேயே கணவனை இழந்து தகப்பன் வீட்டுக்கு வந்தவர். கவர்னர் ஜெனரல் மாளிகையிலும் சென்னை வீட்டிலும் ராஜாஜியின் குடித்தனத்தை நடத்தியவர் அவர்தான். 1972 டிசம்பர் 25 அன்று, தொண்ணூற்று நான்கு வயது நிறைந்து ராஜாஜி மறைகிற வரைக்கும் அந்தப் பணிவிடை நீண்டது. ஒரு தாத்தாவின் நீண்ட ஆயுளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் நாட்கள் செலவாகியிருக்கின்றன. தாத்தாவைப் போற்றி எழுதுகிற பேரன் பேத்திகள், ஆச்சியையும் அத்தையையும் அதே கட்டுரையில் எழுத வேண்டும். பிற்சேர்க்கையாக எழுதக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வேன்.

அடுத்து, பேரன்கள் எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பது. இதில்தான் ஒப்பீடு உண்மையில் பயன்படுகிறது.

ராஜ்மோகன் காந்தி தாத்தாவின் வாழ்க்கையை முதலில் இரண்டு பாகமாக எழுதினார். பிறகு 1997இல் ‘ராஜாஜி: எ லைஃப்’ என்ற ஒரே நூலாகக் கொண்டுவந்தார். 2001இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. மற்றொரு தாத்தாவைப் பற்றியும் பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார். அவர் எழுத்தில் நான் மதிப்பது, சங்கடமான இடங்களைத் தாண்டிக் குதிக்காதது. 1942இல் காங்கிரஸ் முழுக்க ஒரு பக்கம் நிற்க, ராஜாஜி வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை எதிர்த்துத் தனியே நின்றார். 1953இல் அரை நாள் பள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று தமிழ்நாடு கொதித்தது. அந்தத் திட்டம் தவறு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. பேரன் அதையெல்லாம் உள்ளடக்கித்தான் எழுதியிருக்கிறார். ஊர் தாத்தாவைத் திட்டிய நாட்களையும் சேர்த்து எழுத, பேரனுக்குப் பாசத்தோடு நெஞ்சுரமும் வேண்டும்.

குற்றாலத்தில் நினைவு வேறு வடிவம் எடுத்தது. ரசிகமணியின் பேரன் தீப. நடராஜன் குற்றாலத்தில் வாழ்ந்து, தாத்தாவைப் பற்றி எழுதியதைவிட அதிகமாகப் பேசினார். கி.ரா.வுக்கு நெருங்கிய நண்பர். குற்றாலத்துக்கு வருகிற எழுத்தாளர்கள் அவரைத் தேடி வருவார்கள். வந்தவர்களுக்குத் தாத்தாவின் கதையும் கிடைத்தது, உபசரிப்பும் கிடைத்தது. தாத்தா ஒரு பாட்டை எப்படிச் சொல்வாரோ அப்படியே சொல்லிக் காட்டுகிற பேரன், ஆயிரம் பக்க வரலாற்றில் வராத ஒன்றைக் காப்பாற்றுகிறார். குரலின் ஏற்ற இறக்கத்தை அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் இந்த வகை நினைவுக்கு ஒரு குறையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சொல்லிக் காட்டுகிறவர் இருக்கிறவரைதான் அது இருக்கும். அதோடு, பாசமுள்ளவர்கள் கூடிப் பேசும்போது வழக்கு விசாரணை நடக்காது. கம்பன் பாட்டுகளில் பெரும் பகுதியை இடைச்செருகல் என்று டி.கே.சி. ஒதுக்கினார், பாடலின் சொற்களையும் தம் ரசனைப்படி திருத்தினார். ஏட்டுச்சுவடி பார்த்துப் பதிப்பிக்கிறவர்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. தாத்தாவின் பெருமையைச் சொல்கிற கூட்டத்தில் அந்தக் கேள்வி மெல்லத்தான் எழும்.

ஆகவே ராஜாஜி வீட்டு நினைவு முழுமையானது, டி.கே.சி. வீட்டு நினைவு உயிருள்ளது என்று பிரித்துவிடலாமா என்று யோசித்தேன். அதுவும் சரியில்லை. கடிதங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. இரண்டு பேரும் கடிதம் எழுதினார்கள், பெற்றவர்கள் அவற்றைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார்கள். அந்தத் தாள்கள் இருந்ததால்தான் இரண்டு தாத்தாக்களும் இன்று நம்மோடு பேசுகிறார்கள். எழுதியவரின் அருமையோடு, பத்திரப்படுத்தியவரின் அருமையும் சேர்ந்தது அது.

காப்பாற்றி வைப்பவரை மதிப்பது தென்காசிக்காரர்களுக்குப் புதிய பாடமில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது வந்தால் அதைச் சரிசெய்கிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்ற பொருளில் கல்லில் எழுதி வைத்தான். பெரியவர்கள் காலில் சிறியவர்கள் விழுவதுதான் உலக வழக்கம். இங்கே ஒரு பாட்டன், பிறக்காத பேரப்பிள்ளைகளின் காலில் விழுந்திருக்கிறான். பிற்காலத்தில் தீப்பட்டுப் பாழான ராஜகோபுரம், 1990இல் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்தது. கட்டிய எல்லாரும் அந்தக் கல்வெட்டைப் படித்தார்களா என்பது வேறு விஷயம். அவன் கும்பிட்டது வீண்போகவில்லை.

என் தாத்தாவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தென்காசியில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மூத்த மகன் போன பிறகு, கடையைக் கைமாற்றிவிடலாம் என்று எல்லாரும் சொன்னபோது மறுத்து, கண் மங்கும் வரைக்கும் நடத்தினார். அவரிடமிருந்து எங்களுக்குக் கிடைத்தது ஒரு கட்டுச் சிட்டை. புளி, மிளகாய் வற்றல், மண்ணெண்ணெய் வரவுசெலவுக்கு நடுவே பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், நோட்டுப் புத்தகம், ஒரு தீபாவளிக்குப் பாவாடைத் துணி. யாருக்கு எவ்வளவு என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. பாசமான வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. ராஜாஜியின் கடிதங்களைப் படித்த பிறகுதான் அந்தச் சிட்டையை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆச்சி அதற்கும் மேலே பலதை அறிந்திருந்தாள். அவளிடம் கேட்டு எழுதி வைக்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் ஆடி அமாவாசைக்குக் குற்றாலம் போகிறவர்கள், அருவியில் சொல்கிற பெயர்களை முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அவர் செய்த வேலை, இருந்த தெரு, பார்த்த சாவுகள், படிக்க வைத்த பிள்ளைகள், அவரோடு பாடுபட்ட பெண்ணின் பெயர் இவ்வளவையும் எழுதுங்கள். பரணில் கிடக்கிற கார்டுகளையும் சிட்டைகளையும் பழைய தாளோடு எடைக்குப் போட வேண்டாம். வீட்டில் எண்பதைத் தாண்டிய ஆச்சியோ தாத்தாவோ இருந்தால், சாரல் முடிவதற்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.